‘கோயில் ஊர்... சாதிக்கோட்டை...’ - சிதம்பரம், கடலூர் பற்றிய இந்தப் பேச்சு ஓட்டுப்பெட்டியில் எடுபடுகிறதா?

தேர்தல் தேதி அறிவித்தால் போதும், டிவி விவாதங்களில் கடலூர் மாவட்டம் பற்றி ஒரு வரி தவறாமல் வந்துவிடும்: “அங்கெல்லாம் சாதிதாங்க ஜெயிக்கும்.” சிதம்பரம் என்றால் கூடவே இன்னொன்றும் சேரும்: “அது கோயில் ஊர், பழமை மாறாத ஊர்.” சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கிற கடலூர்க்காரர்கள் ஆபீஸ் கேன்டீனில் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்திருப்பார்கள்.

இந்தப் பேர் சும்மா வந்ததில்லை. அதற்குக் காரணங்கள் இருக்கின்றன. ஆனா, ஓட்டு எண்ணிக்கையை எடுத்து வைத்துப் பார்த்தால் அந்தப் பேருக்குள் அடங்காத பல விஷயங்கள் தென்படுகின்றன. ‘பழமைவாத ஊர்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் உண்மையில் மூன்று தனித்தனி குற்றச்சாட்டுகள் இருக்கின்றன:

1. கோயிலும் சம்பிரதாயமும்தான் சிதம்பரத்தின் ஓட்டைத் தீர்மானிக்கின்றன.
2. இங்கே மக்கள் சாதி பார்த்து மொத்தமாக ஓட்டுப் போடுகிறார்கள்.
3. இது சில கட்சிகளின் ‘கோட்டை’, எளிதில் மாறாது.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், எந்தச் சிதம்பரம்?

‘சிதம்பரம்’ என்ற பெயரில் மூன்று இருக்கின்றன. நடராஜர் கோயிலைச் சுற்றியுள்ள நகராட்சி ஒன்று. 2011 கணக்கெடுப்பின்படி அங்கே சுமார் 62 ஆயிரம் பேர். அடுத்தது சிதம்பரம் சட்டமன்றத் தொகுதி. இதில் நகரத்தோடு அண்ணாமலை நகர், பரங்கிப்பேட்டை, கிள்ளை, சுற்றுவட்டக் கிராமங்கள், மீனவர் ஊர்கள் எல்லாம் சேரும். மூன்றாவது சிதம்பரம் நாடாளுமன்றத் தனித்தொகுதி. இதில் சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோவில் ஆகிய மூன்றும் கடலூர் மாவட்டம். அரியலூரும் ஜெயங்கொண்டமும் அரியலூர் மாவட்டம். குன்னம் பெரம்பலூர் மாவட்டம்.

ஆக, ‘சிதம்பரத்தில் திருமாவளவன் ஜெயித்தார்’ என்றால் கோயில் வீதிகள் மட்டும் ஓட்டுப் போட்டதாக அர்த்தமில்லை. நான்கு மாடவீதிகளைத் தாண்டி, கொள்ளிடக் கரை தொட்டு, அரியலூர் சிமென்ட் ஆலைகள் வரை விரிந்த பரப்பு அது. டிவியில் பேசுபவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள்.

இன்னொரு அடிப்படைத் தகவல்: 2011 கணக்கெடுப்பில் கடலூர் மாவட்ட மக்கள்தொகை சுமார் 26 லட்சம். அதில் பட்டியல் சாதியினர் சுமார் 29%. மாநில அளவில் இது 20%தான். வன்னியர்கள் பெரிய எண்ணிக்கையில் இருக்கும் மாவட்டம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர்கள் துல்லியமாக எத்தனை சதவீதம்? தனித்தனி சாதிவாரிக் கணக்கு 1931-க்குப் பிறகு வெளியாகவே இல்லை. விவாதங்களில் அடித்துச் சொல்லப்படும் சதவீதங்களை இந்த நினைப்போடு கேட்பது நல்லது.

குற்றச்சாட்டு 1: கோயில்தான் ஓட்டைத் தீர்மானிக்கிறதா?

நடராஜர் கோயில் நிர்வாகம் பொது தீட்சிதர்களிடம் இருக்க வேண்டுமா, அரசிடமா என்பது பல பத்தாண்டுப் பிரச்சினை. சிற்றம்பல மேடையில் தேவாரம் பாட வேண்டும் என்று சிவனடியார் ஆறுமுகசாமி நடத்திய போராட்டத்தின் விளைவாக, 2008-ல் திமுக அரசு அதற்கு அனுமதி அளித்து ஆணையிட்டது. 2009 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து, அறநிலையத் துறை செயல் அலுவலரை நியமித்துக் கோயிலை ஏற்றது.

அடுத்த சில மாதங்களில் நாடாளுமன்றத் தேர்தல். கோயிலுக்குள் அரசு நுழைந்ததற்கு ஊர் கோபப்பட்டிருந்தால், திமுக கூட்டணி வேட்பாளரைத்தான் அது முதலில் தாக்கியிருக்கும். நடந்தது வேறு. விசிக தலைவர் திருமாவளவன் 99,083 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

2014 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் நிர்வாகத்தை மறுபடி தீட்சிதர்களிடமே கொடுத்தது. 2022 மே மாதம், கனகசபை மீது ஏறி பக்தர்கள் வழிபடலாம் என்று திமுக அரசு ஆணை போட்டது. 2023 ஆனித் திருமஞ்சனத்தின்போது அது பெரிய தகராறானது. அதற்கு அடுத்த ஆண்டு, 2024-ல், அதே தொகுதியில் திருமாவளவனின் வெற்றி வித்தியாசம் 1,03,554.

“நாடாளுமன்றத் தொகுதி பெரிசு, அதில் கோயில் பிரச்சினை கரைந்துவிடும்” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சட்டமன்றத் தொகுதியைப் பார்ப்போம். 2011-ல் சிதம்பரத்தில் ஜெயித்தவர் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் கே.பாலகிருஷ்ணன். நடராஜர் ஊரில் செங்கொடி. அதிமுக கூட்டணி பலம் அதற்குப் பெரிய காரணம் என்பது உண்மை. 2016-ல் மக்கள் நலக் கூட்டணியில் நின்றபோது அவரால் ஜெயிக்க முடியவில்லை. அதிமுகவின் கே.ஏ.பாண்டியன் திமுகவை 1,506 வாக்குகளில் முந்தினார். ஆனாலும், ஒரு கம்யூனிஸ்ட்டுக்கு ஓட்டுப் போடுவதில் இந்த ஊருக்கு மனத்தடை இல்லை என்பது தெளிவு. 1992-ல் அண்ணாமலை நகர் காவல் நிலையத்தில் ஒரு தொழிலாளி இறந்தார், அவர் மனைவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். அதற்காக அந்தக் கட்சி நடத்திய நீண்ட போராட்டம் இந்தப் பகுதியில் இன்னமும் பேசப்படுகிறது.

கோயிலுக்குக் கிழக்கே கொஞ்ச தூரத்தில் இருப்பது 1929-ல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம். நெடுஞ்செழியனும் அன்பழகனும் படித்த இடம். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மாணவர் ராஜேந்திரன் இறந்த இடமும் அதுதான். கோயில் ஊர், சரி. அதே அளவுக்கு அது போராட்ட ஊரும்தான்.

2021-ல் பாண்டியன் மறுபடி ஜெயித்தார். எதிர்த்து நின்றவர் திமுக கூட்டணியின் முஸ்லிம் லீக் வேட்பாளர். வித்தியாசம் சுமார் 17 ஆயிரம். மாநிலமே திமுக பக்கம் போனபோது இந்தத் தொகுதி அதிமுக பக்கம் நின்றது. 2006-லும் இப்படித்தான். மதக் காரணமா? பாண்டியன் ஏற்கெனவே எம்.எல்.ஏ., அதிமுகவுக்கு இங்கே பழைய அடித்தளம் இருக்கிறது, பக்கத்து புவனகிரியும் அந்தத் தேர்தலில் அதிமுகவுக்குத்தான் போனது. எனவே மதத்தை மட்டும் தனியாகப் பிரித்துக் காட்ட இந்த எண்களால் முடியாது. முதல் குற்றச்சாட்டுக்கு ஆதாரம் பலவீனம்தான்.

குற்றச்சாட்டு 2: சாதி பார்த்து மொத்தமாகப் போடுகிறார்களா?

இதுதான் கனமான கேள்வி. இதற்கு வரலாறும் இருக்கிறது. 1951-ல் கடலூரைச் சேர்ந்த எஸ்.எஸ்.ராமசாமி படையாட்சியார் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சியைத் தொடங்கினார். வன்னியர்களை மையமாகக் கொண்ட அந்தக் கட்சி 1952 தேர்தலில் 19 சட்டமன்றத் தொகுதிகளைப் பிடித்தது. 1954-ல் அவர் காமராஜர் அமைச்சரவையில் சேர்ந்தார். 1987 இடஒதுக்கீட்டுப் போராட்டம், துப்பாக்கிச் சூட்டில் போன உயிர்கள், 1989-ல் மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 20% ஒதுக்கீடு, அதே ஆண்டு பாமக தோற்றம் - எல்லாம் இந்த வட தமிழகப் பரப்பில்தான் நடந்தது. 1991-ல் பாமகவுக்குக் கிடைத்த ஒரே எம்.எல்.ஏ. தொகுதி பண்ருட்டி.

மறுபக்கம், தலித் அரசியலும் இங்கே நூறாண்டு பழசு. சுவாமி சகஜானந்தா 1916-ல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். பிறகு சட்டமன்றத்திலும் அமர்ந்தார். தீண்டாமை பற்றி 1969-ல் நாட்டையே உலுக்கிய அறிக்கை தந்த குழுவின் தலைவர் எல்.இளையபெருமாள் காட்டுமன்னார்கோவில் பகுதிக்காரர். திருமாவளவன் முதன்முதலில் எம்.எல்.ஏ. ஆனது 2001-ல், இதே மாவட்டத்தின் மங்களூர் தொகுதியில்.

இரண்டு பெரிய சமூகங்கள், இரண்டு கட்சிகள். ஆக, சாதிக் கணக்கைக் கூட்டினால் ரிசல்ட் வந்துவிட வேண்டும். வருகிறதா?

சிதம்பரம் நாடாளுமன்றத் தொகுதியையே சோதித்துப் பார்க்கலாம். 2014-ல் கட்சிகள் தனித்தனியாக நின்றன:

- அதிமுக: சுமார் 4.29 லட்சம்
- விசிக (திமுக கூட்டணி): சுமார் 3.01 லட்சம்
- பாமக (பாஜக கூட்டணி): சுமார் 2.79 லட்சம்

2019-ல் அதிமுகவும் பாமகவும் ஒரே அணி. பாஜகவும் தேமுதிகவும் கூட. பேப்பர் கணக்குப்படி 4.29 + 2.79 = 7.08 லட்சம். கிடைத்தது 4.97 லட்சம். இரண்டு லட்சத்துக்கும் மேல் காணோம். இதில் தினகரனின் அமமுக பிரித்த சுமார் 62 ஆயிரத்தைச் சேர்த்தாலும், ஏறக்குறைய ஒன்றரை லட்சம் ஓட்டு எங்கே போனது என்ற கேள்வி நிற்கிறது. அதே நேரம் விசிக 3.01 லட்சத்திலிருந்து 5 லட்சத்தைத் தொட்டது. திருமாவளவன் 3,219 வாக்கில் கரையேறினார்.

சாதி ஓட்டு ‘மூட்டை’ என்றால், தலைவர் சொன்ன இடத்தில் அப்படியே இறக்கி வைத்திருக்க வேண்டும். மூட்டை வழியிலேயே பிரிந்துவிட்டது.

2021 இன்னும் கூர்மையான சோதனை. தேர்தலுக்குச் சற்று முன்பு, பிப்ரவரி 26 அன்று, வன்னியர்களுக்கு 10.5% உள்ஒதுக்கீடு மசோதாவை அதிமுக அரசு நிறைவேற்றியது. பாமக கூட்டணியில் இருந்தது. சாதி ஓட்டுக்காக இதைவிட நேரடியான ஒரு வாக்குறுதி இருக்க முடியாது. கடலூர் மாவட்டத்தின் 9 தொகுதிகளில் அந்த அணிக்குக் கிடைத்தது 2, சிதம்பரமும் புவனகிரியும். மீதி 7 திமுக அணிக்கு. பாமகவுக்கு மாவட்டத்தில் ஒன்றுகூட இல்லை.

இங்கே ஒரு பிரேக் போட வேண்டும். நெய்வேலியில் பாமக தோற்றது 977 வாக்கில். விருத்தாசலத்திலும் ஆயிரத்துக்குக் குறைவான வாக்குகளில்தான். இரண்டாயிரம் பேர் மனம் மாறியிருந்தால் இன்று நாம் வேறு கதை பேசிக்கொண்டிருப்போம். ஆக, ‘சாதி ஓட்டே இல்லை’ என்று சொல்ல முடியாது. இருக்கிறது, ஆனால் பேச்சில் சொல்லப்படும் அளவுக்கு முழுசாக இல்லை. (அந்த 10.5% சட்டத்தை 2021 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ரத்து செய்தது. 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.)

2024 கடலூர் நாடாளுமன்றத் தொகுதி இன்னொரு உதாரணம். 2023 ஜூலையில் என்எல்சி விரிவாக்கத்துக்காக வளையமாதேவியில் விளைந்த பயிர் மீது இயந்திரங்கள் ஓடின. பாமக நெய்வேலியில் பெரிய போராட்டம் நடத்தியது, அன்புமணி கைதானார். அடுத்த ஆண்டு அந்தக் கட்சி நிறுத்திய வேட்பாளர், இதே மாவட்டத்து மண்ணைப் படமாக்கிய இயக்குநர் தங்கர் பச்சான். அவருக்கு 2.05 லட்சம், மூன்றாம் இடம். காங்கிரஸின் விஷ்ணு பிரசாத் 1.85 லட்சம் வித்தியாசத்தில் ஜெயித்தார். தேமுதிக இரண்டாம் இடம்.

குற்றச்சாட்டு 3: ‘கோட்டை’ மாறவே மாறாதா?

இதற்கு மட்டும் பதில் ரொம்பத் தெளிவு. சிதம்பரம் நாடாளுமன்றத் தொகுதி 1967 முதல் 2024 வரை 15 பொதுத் தேர்தல்களில் யாரைத் தேர்ந்தெடுத்தது?

- 1967, 1971: திமுக
- 1977: அதிமுக
- 1980: திமுக
- 1984, 1989, 1991: காங்கிரஸ்
- 1996: திமுக
- 1998, 1999, 2004: பாமக
- 2009: விசிக
- 2014: அதிமுக
- 2019, 2024: விசிக

ஐந்து கட்சிகள். இதில் ஒரு ஆச்சரியம் ஒளிந்திருக்கிறது. இந்த 15 தடவையும், மாநிலத்தில் எந்த அணி அதிக இடங்கள் பிடித்ததோ, அந்த அணியின் வேட்பாளர்தான் சிதம்பரத்தில் ஜெயித்திருக்கிறார். ஒரு தடவைகூட மாறவில்லை. பெரிய அலை அடித்த ஆண்டுகளில் இது சகஜம் என்று வைத்துக்கொண்டாலும், 1999, 2009 போன்ற ஆண்டுகளில் பத்துக்கும் மேற்பட்ட தொகுதிகள் எதிர் அணிக்குப் போயின. அப்போதும் சிதம்பரம் ஜெயிக்கும் பக்கமே நின்றது.

பாமக ஜெயித்த மூன்று தடவையையும் கவனியுங்கள். 1998-ல் அதிமுக அணி, 1999-ல் திமுக-பாஜக அணி, 2004-ல் திமுக-காங்கிரஸ் அணி. கட்சி ஒன்று, அணி மூன்று. 2009-ல் அதிமுக அணிக்குப் போனது, தோற்றது. விசிகவின் மூன்று வெற்றிகளும் திமுக அணியில். 2014-ல் அதே அணியில் நின்றும் அலையில் 1.28 லட்சம் வித்தியாசத்தில் தோற்றது. ஆக, இந்தத் தொகுதியைப் புரிந்துகொள்ள சாதி வரைபடத்தைவிட மாநிலக் கூட்டணி வரைபடம் அதிகம் உதவுகிறது.

கடலூர் நாடாளுமன்றத் தொகுதியும் சளைத்ததில்லை. 1996 முதல் 2024 வரை எட்டுத் தேர்தல்களில் தமாகா, அதிமுக, திமுக, காங்கிரஸ் என்று மாறி மாறிப் போயிருக்கிறது. பாமக இதுவரை அங்கே ஜெயித்ததே இல்லை.

வெளியாள் என்றால் ஒதுக்கிவிடுகிறார்களா? 2006-ல் விருத்தாசலத்தில் விஜயகாந்த் நின்றார். மதுரைக்காரர், கட்சிக்கு வயசு ஒன்று, எதிரே பாமகவின் சொந்தத் தொகுதி. 13,777 வாக்கில் ஜெயித்து, கட்சியின் ஒரே எம்.எல்.ஏ. ஆனார். 2021-ல் அதே தொகுதியில் பிரேமலதா நின்றார், டெபாசிட் போனது. 2016-ல் கடலூரில் சீமான் நின்றார். சுமார் 12 ஆயிரம் வாக்குகள், டெபாசிட் காலி. ஒருத்தரைத் தூக்கி வைக்கிறதும் இறக்கி விடுவதும் இந்த மாவட்டத்துக்குப் புதுசில்லை.

அப்போ எல்லாம் சரியா? இல்லை.

இங்கேதான் கதை சிக்கலாகிறது. ஓட்டு முற்போக்காக விழுந்தால் ஊரும் முற்போக்காக இருக்கிறது என்று அர்த்தமா? சில சம்பவங்களை மறக்க முடியாது.

1999 தேர்தல் நாளன்று சிதம்பரம் தொகுதியில் தலித் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. பலரால் ஓட்டே போட முடியவில்லை. திருமாவளவன் முதன்முதலாகத் தேர்தலில் நின்ற ஆண்டு அது.

இருபது ஆண்டுகள் கழித்து, 2019 ஏப்ரல் 18, ஓட்டுப்பதிவு நாள். இதே தொகுதிக்குள் வரும் அரியலூர் மாவட்டம் பொன்பரப்பியில் தலித் மக்களின் வீடுகள் அடித்து நொறுக்கப்பட்டன. அந்தத் தேர்தலில் விசிகவின் சின்னம் பானை. தெருவில் பானையைப் போட்டு உடைத்ததுதான் தகராறின் தொடக்கம்.

2020 அக்டோபரில் புவனகிரி அருகே தெற்குத்திட்டை ஊராட்சியின் தலைவரான தலித் பெண், கூட்டத்தில் தரையில் உட்கார்ந்திருக்கும் படம் நாடு முழுக்கப் பரவியது. மற்றவர்கள் நாற்காலியில். தனி ஒதுக்கீட்டில் தேர்தலில் ஜெயித்து வந்தவர் அவர். ஓட்டுச்சீட்டு அவரைத் தலைவராக்கியது. நாற்காலி மட்டும் கிடைக்கவில்லை.

2003-ல் விருத்தாசலம் அருகே சாதி மாறித் திருமணம் செய்த முருகேசன், கண்ணகி இருவரையும் விஷம் கொடுத்துக் கொன்றார்கள். கடலூர் நீதிமன்றத் தீர்ப்பு வர 18 ஆண்டுகள் ஆனது. 2021 செப்டம்பரில் 13 பேர் குற்றவாளிகள் என்றது தீர்ப்பு. அதில் போலீஸ்காரர்கள் இருவரும் உண்டு. 2025 ஏப்ரலில்தான் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது.

கூட்டணிக்குள்ளேயே நடந்ததும் உண்டு. 2022-ல் நெல்லிக்குப்பம் நகராட்சித் தலைவர் பதவி விசிகவுக்கு என்று திமுக தலைமை ஒதுக்கியது. உள்ளூர் திமுகவினர் போட்டி வேட்பாளரை நிறுத்தி ஜெயித்துவிட்டார்கள். மேலே கைகுலுக்கினார்கள், கீழே கை நீளவில்லை.

இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்?

மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

ஒன்று, தனித்தொகுதி என்ற அமைப்பு. சிதம்பரத்தில் எல்லாக் கட்சி வேட்பாளர்களும் பட்டியல் சாதியினர்தான். பாமக ஜெயித்தபோதும் எம்.பி. ஆனவர்கள் தலித் எழில்மலையும் இ.பொன்னுசாமியும்தான். ஆகவே ‘தலித்துக்கு ஓட்டுப் போடுவார்களா?’ என்ற கேள்வியே இங்கே எழாது. ‘எந்த அணியின் வேட்பாளருக்கு?’ என்பதுதான் கேள்வி. ஒரு வாக்காளர் உதயசூரியனுக்குப் பழகிய கையால் பானைக்குப் போடலாம், அதனாலேயே தன் பழக்கங்களை மாற்றிக்கொள்ள வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

ஆனா, அந்த ஓட்டுக்கு மதிப்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2016-ல் காட்டுமன்னார்கோவிலில் கூட்டணி பலம் இல்லாமல் நின்ற திருமாவளவன் வெறும் 87 வாக்கில் தோற்றார். 2021-ல் திமுக அணியில் அதே தொகுதியை விசிக சுமார் 10 ஆயிரம் வித்தியாசத்தில் பிடித்தது. 2024-ல் சிதம்பரம், விழுப்புரம் ஆகிய இரண்டு வெற்றிகள்தான் அந்தக் கட்சிக்கு மாநிலக் கட்சி அங்கீகாரத்தை வாங்கிக் கொடுத்தன.

இரண்டு, எதிர் அணியின் பிளவு. 2024-ல் சிதம்பரத்தில் அதிமுக 4.01 லட்சம், பாமக ஆதரவு பெற்ற பாஜக 1.68 லட்சம். கூட்டினால் 5.7 லட்சம். திருமாவளவன் பெற்றது 5.05 லட்சம். ‘சேர்ந்து நின்றிருந்தால் ஜெயித்திருப்பார்கள்’ என்று இதை வைத்துச் சொல்பவர்கள் உண்டு. 2019-ல் சேர்ந்துதான் நின்றார்கள், கூட்டல் கணக்கு வேலை செய்யவில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். ஒரு லட்ச வித்தியாசத்தை மனமாற்றத்தின் அளவாகவும் எடுத்துக்கொள்ள முடியாது, வெறும் பிளவின் விளைவாகவும் தள்ளிவிட முடியாது.

மூன்று, ஓட்டு ரகசியம். இது பலர் யோசிக்காத விஷயம். வாக்குச்சீட்டுக் காலத்தில் பல பூத் சீட்டுகளைக் கலந்து எண்ணும் வழக்கம் இருந்தது. இப்போது மின்னணு இயந்திரம் பூத் பூத்தாகக் கணக்குக் காட்டுகிறது. படிவம் 20 என்ற அறிக்கையில் அது வெளியாகிறது. ஊருக்கு ஒரு பூத், காலனிக்கு ஒரு பூத் என்று இருக்கும் கிராமங்களில், எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்பது மறுநாளே தெரிந்துவிடும். ஆய்வாளர்களுக்கு இது பொக்கிஷம். ஆனா, அந்தக் காலனியில் குடியிருப்பவருக்கு அது பயம். பல பூத் ஓட்டுகளைச் சேர்த்து எண்ணும் ‘டோட்டலைசர்’ கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-லேயே முன்மொழிந்தது. 2015-ல் சட்ட ஆணையமும் பரிந்துரைத்தது. மத்திய அரசு ஒப்புக்கொள்ளவில்லை. பொன்பரப்பியை நினைத்துப் பார்த்தால், இது டெக்னிக்கல் விஷயம் மட்டுமில்லை என்பது புரியும்.

சரி, இறுதியாக என்னதான் சொல்வது?

‘கோயில் ஊர் என்பதால் இப்படித்தான் ஓட்டு விழும்’ என்பதற்கு ஆதாரம் பலவீனம். ‘மாறாத கோட்டை’ என்பது தப்பு. இந்தப் பகுதி மாநிலக் காற்றோடு சேர்ந்து அசைகிற பகுதி. ‘சாதி ஓட்டு’ என்பது பாதி உண்மை: நெருக்கமான போட்டிகளில் கணக்கில் வரும், ஆனால் தலைவர்கள் கையெழுத்துப் போட்டுக் கைமாற்றுகிற சொத்து அது இல்லை. தெருவிலும் திருமணத்திலும் ஊராட்சி நாற்காலியிலும் இருக்கும் சாதி இறுக்கம் மட்டும் முழு உண்மை. அதை ஓட்டு எண்ணிக்கை காட்டாது, மறைக்கவும் கூடாது.

அடுத்த தடவை யாராவது ‘உங்க ஊர் அப்படித்தானே’ என்று சொன்னால், மூன்று கேள்விகளைத் திருப்பிக் கேளுங்கள்:

- எந்தச் சிதம்பரம்? நகராட்சியா, சட்டமன்றத் தொகுதியா, ஆறு தொகுதிகள் சேர்ந்த நாடாளுமன்றத் தொகுதியா?
- அந்தக் கட்சி அந்தத் தேர்தலில் எந்த அணியில் இருந்தது? போன தேர்தலில் எந்த அணியில்?
- பூத்வாரிக் கணக்கைப் பார்த்துச் சொல்கிறீர்களா, மொத்த எண்ணிக்கையை வைத்துச் சொல்கிறீர்களா?

2024-ல் மாநில சராசரி வாக்குப்பதிவு 69.72% ஆக இருந்தபோது, சிதம்பரம் தொகுதியில் 76 சதவீதத்துக்கும் மேல் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். அந்த வரிசையில் நின்ற ஒவ்வொருவரும் என்ன நினைத்துப் பொத்தானை அழுத்தினார் என்பதை அவர் சாதியை மட்டும் வைத்து யாராலும் சொல்லிவிட முடியாது. ஆனால், அவர் எந்தப் பயமும் இல்லாமல் அழுத்தினாரா, மறுநாள் பத்திரமாக வீடு திரும்பினாரா என்பதை அரசாலும் தேர்தல் ஆணையத்தாலும் உறுதிசெய்ய முடியும். கடலூரையும் சிதம்பரத்தையும் பற்றி டிவி விவாதங்களில் கேட்கப்பட வேண்டிய கேள்வி அதுதான்.